ஒல்லாந்தர் சைக்கிளோடு பிறந்தவர்களா?

சைக்கிளில் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுக்குத் தனிப் பாதை வேண்டும் என்று எங்காவது பேச்சை எடுத்தால் ஒரு பதில் தயாராக இருக்கும். "அது ஒல்லாந்துக்காரண்ட நாட்டுக்குச் சரி சேர். அவன் பிறக்கக்குள்ளயே சைக்கிளோட பிறந்தவன். நம்மட நாட்டுக்கு அதெல்லாம் ஒத்து வராது."

இந்தப் பதிலின் முதல் பாதி எவ்வளவு உண்மை என்பதைத்தான் இன்று எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

ஒல்லாந்தரை நாம் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1658 முதல் 1796 வரை எமது கரையோரங்களை ஆண்டவர்கள். கோட்டைகளையும் வாய்க்கால்களையும் விட்டுச் சென்றார்கள். கந்தோர், போஞ்சி, கக்கூஸ் என்று சில சொற்களையும் எமது வாயில் விட்டுச் சென்றார்கள். ஆனால் சைக்கிள் அவர்கள் போய் வெகுகாலத்தின் பின் வந்த சாமான். அது அந்த நாட்டுக்கு வந்த கதையும், அங்கிருந்து கிட்டத்தட்டத் துரத்தப்பட்ட கதையும் எமது பாடப் புத்தகத்தில் இல்லை.

1885இல் உத்ரெக்ட் நகரில் மாலிபான் என்ற மரநிழல் வீதியில் சைக்கிளுக்கென்று ஒரு பாதை ஒதுக்கினார்கள். நெதர்லாந்தின் முதல் சைக்கிள் பாதை அதுதான் என்பார்கள். அன்று சைக்கிள் வசதி படைத்தவர்களின் விளையாட்டு. பிறகு விலை இறங்கியது. தொழிலாளி, பால்காரர், பாதிரியார், பாடசாலைப் பிள்ளை என்று எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். 1924இல் அரசாங்கம் சைக்கிளுக்கு வரி போட்டது. வரி கட்டியவருக்கு ஒரு செப்புத் தகடு. அதைச் சைக்கிளில் பொருத்த வேண்டும். (எமது உள்ளூராட்சி சபைகளும் சைக்கிளுக்குத் தகடு கொடுத்த காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.) அந்த வரிப் பணம் வீதி அமைக்கும் நிதிக்குப் போனது. அந்தக் காலத்தில் போட்ட சைக்கிள் பாதைகளில் பலவற்றுக்கும் உண்மையான நோக்கம் சைக்கிள்காரரின் உயிர் அல்ல. மோட்டார் வாகனம் தடையில்லாமல் ஓட வேண்டும், அதற்குச் சைக்கிள்காரர் ஓரமாக விலக வேண்டும், அவ்வளவுதான். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாதை போட்டார்களா என்று மட்டும் கேட்டால் போதாது, யாருக்காகப் போட்டார்கள் என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் கையில் காசு வந்தது. காசோடு கார் வந்தது. 1960இல் சுமார் அரை மில்லியன் கார்கள் இருந்த நாட்டில் 1970இல் சுமார் இரண்டரை மில்லியன். பத்தே வருடத்தில் ஐந்து மடங்கு. வீதிகளோ பழைய வீதிகள்தான். குதிரை வண்டிக்கும் கைவண்டிக்கும் வெட்டிய ஒடுக்கமான தெருக்கள். சதுக்கங்கள் வாகனத் தரிப்பிடமாகின. கால்வாய்களை நிரப்பி வீதியாக்கினார்கள். 1967இல் ஜோக்கினென் என்ற அமெரிக்க நிபுணர் ஆமஸ்டர்டாமுக்கு ஒரு திட்டம் கொடுத்தார்: பழைய குடியிருப்புகளை இடி, கால்வாயை மூடு, நகரத்தின் நடுவுக்குள் பெருவீதியைக் கொண்டுவா. அன்று அதை ஒரு பைத்தியக்காரத் திட்டமாக எல்லோரும் பார்க்கவில்லை. முன்னேற்றம் என்றால் அப்படித்தான் என்று நம்பிய காலம் அது. சைக்கிள், ஏழையின் வாகனம், ஒழிந்து போகிற வாகனம்.

ஆக, சைக்கிளோடு பிறந்த இனம் என்று நாம் சொல்லும் அதே ஆட்கள் ஒரு தலைமுறைக்குள் சைக்கிளைக் கைவிடத் தொடங்கியிருந்தார்கள்.

அதற்குக் கொடுத்த விலையைப் பாருங்கள். 1972இல் மட்டும் நெதர்லாந்தின் வீதிகளில் 3,264 பேர் இறந்தார்கள். அன்று அந்த நாட்டின் சனத்தொகை சுமார் 13 மில்லியன். எமது நாட்டில் 22 மில்லியன் பேர். அண்மைய ஆண்டுகளில் எமது வீதிகளில் இறப்போர் தொகை வருடத்துக்கு 2,000க்கும் 3,000க்கும் இடையில் நிற்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைக்குத் தலை எடுத்தால் அன்றைய ஒல்லாந்து இன்றைய இலங்கையைவிட இரு மடங்கு ஆபத்தான நாடு. அதற்கு முந்திய வருடம், 1971இல், இறந்தவர்களில் 400க்கும் அதிகமானோர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். நடந்து போன பிள்ளைகள், தெருவில் விளையாடிய பிள்ளைகள், சைக்கிளில் பாடசாலைக்குப் போன பிள்ளைகள்.

அவர்களில் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. 1971 ஒக்டோபரில் சைக்கிளில் பாடசாலைக்குப் போகும் வழியில் கார் மோதி இறந்தாள். அவளுடைய வாப்பா விக் லாங்கன்ஹொஃப் 'டி டைட்' என்ற பத்திரிகையில் வேலை செய்தவர். ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து, 1972 செப்டெம்பரில், அதே பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் வைத்த பெயர்: 'ஸ்டொப் டி கிண்டர்மூர்ட்'. தமிழில் சொன்னால், 'பிள்ளைக் கொலையை நிறுத்து'.

அவர் விபத்து என்று எழுதவில்லை, கொலை என்று எழுதினார். ஒரு வருடம் யோசித்த பிறகு எழுதிய சொல். நாம் பத்திரிகைச் செய்தியில் "சைக்கிளில் சென்ற மாணவன் மீது லொறி மோதி" என்று வாசித்துவிட்டு, இன்னாலில்லாஹி சொல்லிவிட்டு, அடுத்த செய்திக்குப் போகிறோம். நாம் சொல்வது பிழையென்று சொல்லவில்லை. இறப்பு இறைவன் கையில்தான். ஆனால் அந்தச் சந்தியை வரைந்தது மனிதன் கை.

அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராகிவிட்டது. அதன் முதல் தலைவி மார்ட்ஜே வான் பூட்டன், ஆமஸ்டர்டாமில் ஓர் இளம் தாய். பிற்காலத்தில் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். இவர்கள் செய்த வேலைகள் எமக்குப் பிடித்தவை. தெருவை ஒரு நாள் மூடி மேசை நாற்காலி போட்டு அயலவர் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ஒரு இசைப்பெட்டியும் எடுத்துக்கொண்டு, பிரதமர் யூப் டென் ஒய்லின் வீட்டு வாசலுக்கே போய்ப் பாடினார்கள். பிரதமர் வெளியே வந்து கேட்டார். பொலிசாரும் பல இடங்களில் உதவினார்களாம்.

அதே 1972இல் ஆமஸ்டர்டாமின் டி பைப் என்ற நெருக்கமான குடியிருப்புப் பகுதியில் பிள்ளைகளே கிளம்பினார்கள். விளையாட இடமில்லை, தெரு முழுக்கக் கார் என்று கையெழுத்துச் சேர்த்தார்கள். தடுப்புப் போட்டுத் தெருவை மூடினார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் அதைப் படம் பிடித்தார்கள். கோபம் கொண்ட ஒரு சாரதி இறங்கி வந்து தடுப்பைத் தூக்கி எறிகிற காட்சியும் அந்தப் படத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரர் எல்லோரும் ஒழுங்கானவர்கள், சொன்னதும் கேட்பார்கள் என்று எண்ணுபவர்கள் அதை ஒருமுறை பார்க்க வேண்டும். எமது சந்தையடி வீதியில் வாகனத் தரிப்பிடத்தை எடுத்தால் என்ன நடக்குமோ அதுதான் அங்கேயும் நடந்தது.

அடுத்த வருடம் வந்தது எண்ணெய்த் தடை. 1973 ஒக்டோபர் யுத்தத்தில் இஸ்ரேலின் பக்கம் நின்றதற்காக அரபு நாடுகள் அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் எண்ணெய் தர மறுத்தன. நவம்பர் 4ஆம் திகதி முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை. பெருவீதிகளில் பிள்ளைகள் சக்கரச் சப்பாத்துப் போட்டு ஓடினார்கள். குடும்பம் குடும்பமாகச் சைக்கிளில் போனார்கள். 1974 ஜனவரியில் அது முடிந்துவிட்டது. சில ஞாயிற்றுக்கிழமைகள்தான். ஆனால் வாகனம் இல்லாத வீதி எப்படி இருக்கும் என்பதை ஒரு நாடு முழுவதும் கண்ணால் பார்த்துவிட்டது.

நாமும் பார்த்தோம். 2022இல் பெற்றோல் வரிசை நாள்கணக்கில் நீண்டபோது ஆசிரியர்கள், கந்தோர் உத்தியோகத்தர்கள், டொக்டர்கள் எல்லோரும் சைக்கிளில் ஏறினோம். சைக்கிளின் விலை தங்கம் மாதிரி ஏறியது. பிறகு கியூ.ஆர். வந்தது, பெற்றோல் வந்தது, சைக்கிள் மீண்டும் தாழ்வாரத்துக்குப் போனது. எமது ஊரில் அந்தக் காலத்தின் அடையாளமாக வீதியில் ஒரு கோடுகூட மிஞ்சவில்லை. அங்கே மிஞ்சியதற்குக் காரணம், எண்ணெய் நெருக்கடி வருவதற்கு முன்னரே கேள்வி கேட்கும் தாய்மாரும் வாப்பாமாரும் தெருவில் நின்றதுதான் என்று நாம் நினைக்கிறோம். 1975இல் சைக்கிள்காரர்களின் சங்கமும் தொடங்கியது. அவர்கள் ஆபத்தான சந்திகளைக் குறித்துக் கொடுத்தார்கள். சிலர் இரவில் போய்த் தாமே வீதியில் பாதைக் கோடு கீறிப் பொலிசாரிடம் பிடிபட்டார்கள்.

இனித்தான் முக்கியமான பகுதி. அரசாங்கம் இணங்கியது. ஆனால் முதலில் செய்தது பெரிதாக வேலை செய்யவில்லை.

1975 அளவில் டில்பர்க், டென் ஹாக் (நாம் ஹேக் என்று சொல்லும் நகரம்) ஆகிய இரண்டு நகரங்களில் மாதிரிக்கு ஒவ்வொரு சைக்கிள் பாதை போட்டார்கள். செலவை மத்திய அரசு ஏற்றது. அகலமான, அழகான, நகரத்தின் குறுக்கே ஓடும் பாதை. ஹேக் நகரக் கடைக்காரர்கள் வியாபாரம் படுத்துவிடும் என்று எதிர்த்தார்கள். பாதை வந்தது, சைக்கிள்களும் வந்தன. ஆனால் ஆராய்ந்து பார்த்தபோது, அவர்களில் பெரும்பாலானோர் பக்கத்து வீதிகளில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தவர்கள். நகரம் முழுவதையும் எடுத்தால் பெரிய மாற்றம் இல்லை. ஒரு பிள்ளையின் வீட்டு வாசலிலிருந்து பாடசாலை வாசல் வரை இரண்டு கிலோமீற்றர் என்று வையுங்கள். அதில் அரைக் கிலோமீற்றர் நல்ல பாதை. மிச்சம் ஒன்றரை? அந்த உம்மா பிள்ளையை அனுப்ப மாட்டா.

அதனால் அடுத்து டெல்ஃப்ட் நகரில் வேறு விதமாகச் செய்தார்கள். ஒரு காட்சிப் பாதைக்குப் பதிலாக நகரம் முழுக்க ஒரு வலை. பெரிய பாதைகள் சுமார் 500 மீற்றருக்கு ஒன்று, அவற்றுக்கிடையில் சிறியவை, அவற்றுக்கும் இடையில் குடியிருப்புத் தெருக்கள். அறுந்து கிடந்த இடங்களைச் சிறு பாலங்களாலும் சுரங்க வழிகளாலும் தைத்தார்கள். நகரம் முழுவதுமாகப் பார்த்தபோது சைக்கிள் பயணம் கூடியது அங்கேதான்.

டெல்ஃப்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 'வோன்எர்ஃப்' என்ற முறை அங்கேதான் வளர்ந்தது. வீட்டு முற்றம் போன்ற தெரு என்று சொல்லலாம். நடைபாதை, வீதி என்ற பிரிப்பு இல்லை. மரம், வாங்கு, வளைவு. கார் வரலாம், ஆனால் நடக்கும் வேகத்தில்தான் வர முடியும். பலகையில் எழுதியிருப்பதால் அல்ல, தெருவின் உருவமே அதற்கு மேல் விடாது. 1976இல் இதற்குச் சட்ட அந்தஸ்துக் கிடைத்தது. 1983 முதல் 30 கிலோமீற்றர் வலயங்களும் வந்தன.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. சாதாரணதரப் பிள்ளைகளும் போடலாம். ஒரு சாரதிக்கு ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு செக்கன் பிடிக்கிறது என்று கொள்வோம். மணிக்கு 30 கிலோமீற்றரில் வருபவர் அந்த ஒரு செக்கனில் 8 மீற்றர் ஓடுவார். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீற்றர். மொத்தம் 13. மணிக்கு 50இல் வருபவர் அந்த முதல் செக்கனிலேயே 14 மீற்றர் ஓடிவிடுவார். அதாவது 30இல் வந்தவர் நின்று முடித்த இடத்தை 50இல் வந்தவர் பிரேக்கில் கால் வைக்காமலே, முழு வேகத்தோடு தாண்டுவார். அந்த இடத்தில் ஒரு பிள்ளை நின்றால்? இரண்டு சாரதிகளும் நல்லவர்களாகவே இருக்கட்டும். இருவருக்கும் ஒரே கண், ஒரே கால். வித்தியாசம் வேகம் மட்டும்.

1992இல் அவர்களது வீதிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இந்தச் சிந்தனையை 'நிலைபேறான பாதுகாப்பு' என்ற பெயரில் ஒரு கொள்கையாக எழுதியது. மனிதன் பிழை விடுவான், அதை நிறுத்த முடியாது, ஆகவே பிழை விட்டாலும் சாகாதபடி வீதியை அமை. இதுதான் அடிப்படை. பாரமும் வேகமும் பெருமளவு வேறுபடும் வாகனங்களை ஒரே இடத்தில் கலக்காதே. கலக்கத்தான் வேண்டுமென்றால் வேகத்தைக் குறை. எனவே 50இல் ஓடும் வீதியில் சைக்கிளுக்குக் கட்டுக் கட்டிய தனிப் பாதை; 30இல் ஓடும் தெருவில் தனிப் பாதையே தேவையில்லை. ஒல்லாந்து முழுவதும் சைக்கிள் பாதை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அங்குள்ள பிள்ளை தன் பயணத்தில் நல்ல பங்கைச் சாதாரணத் தெருவில்தான் ஓடுகிறது. அந்தத் தெருவில் கார் மெதுவாகப் போகிறது, அவ்வளவுதான். 1998 முதல் 2007 வரையான பத்து வருடங்களில் இந்த நடவடிக்கைகள் 1,600 முதல் 1,700 உயிர்களைக் காத்தன என்று ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள்.

மோட்டார் சைக்கிள் ஓட்டும் எமது தம்பிமாருக்கு ஒரு சிறு செய்தி: 1999 டிசெம்பரில் அங்கே நகரங்களுக்குள் மொபெட்டுகளைச் சைக்கிள் பாதையிலிருந்து எடுத்து வீதிக்கு மாற்றினார்கள். மொபெட் விபத்துகள் குறைந்தன.

அடுத்தது சந்தி. பாதை போட்டால் போதும் என்று நம்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கோப்பன்ஹேகனில் 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு, புதிதாகப் பாதை போட்ட வீதிகளில் சைக்கிள் ஓட்டம் ஐந்தில் ஒரு பங்களவு கூடியதாகச் சொன்னது. நல்ல செய்தி. ஆனால் அதே வீதிகளின் சந்திகளில் விபத்துகளும் கூடின. காரணம் விளங்கக் கடினமானதல்ல. பாதையில் போகிற சைக்கிள்காரரைத் திரும்புகிற லொறிச் சாரதி காண்பதில்லை. எமது பக்கத்தில் என்றால் இடப்பக்கம் திரும்பும் லொறி. கண்ணாடிக்குள் பிடிபடாத அந்த மூலையில்தான் சைக்கிள் நிற்கும்.

இதற்கு ஒல்லாந்தர் கண்ட வழி சீமெந்தும் வளைவும். சந்தி மூலையில் ஒரு சிறு திட்டு. அதனால் திரும்பும் வாகனம் வேகமாக வெட்டித் திரும்ப முடியாது. சைக்கிள் பாதை சந்தியை அடையும்போது வீதியிலிருந்து சில மீற்றர் விலகிப் போகும். வாகனம் திரும்பி முடித்து நேராக நிற்கையில் சைக்கிள்காரர் கண்ணுக்கு முன்னால் வருவார், கண்ணாடிக்குள் அல்ல. ஒரு கார் நிற்கும் அளவு இடமும் நடுவில் இருக்கும், பின்னால் வருபவர் ஹோர்ன் அடித்து அவசரப்படுத்தத் தேவையில்லை. சிறு தெரு பெரிய வீதியில் சேரும் இடத்தில் சைக்கிள் பாதையின் மட்டம் இறங்காது. கார்தான் ஏறி இறங்க வேண்டும். முன்னுரிமைச் சந்திகளைப் பற்றிய அவர்களது ஆய்விலும், இப்படி இரண்டு முதல் ஐந்து மீற்றர் விலகிய பாதைகளில் விபத்துக் குறைவு என்று தெரியவந்தது. ஒரே பக்கத்தில் இரு திசையிலும் சைக்கிள் ஓடும் பாதைகளில் விபத்து அதிகம். எதிர்த் திசையிலிருந்து சைக்கிள் வரும் என்று சாரதி எதிர்பார்ப்பதில்லை. காசு மிச்சம் என்று ஒரு பக்கம் மட்டும் பாதை போட நினைக்கும் சபைகள் இதையும் பார்க்கட்டும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு எமது பாடசாலை வாசலைப் பார்க்கிறோம். காலை ஏழு இருபதுக்கு வெள்ளை உடுப்போடு சைக்கிள்கள் வரிசையாக வருகின்றன. பெரும்பாலான வீதிகளில் ஓரத்துக் கோட்டுக்கு வெளியே ஒன்றரை அடி. அதிலும் முச்சக்கர வண்டி நிற்கும், மணல் கிடக்கும், கடைப் பலகை இருக்கும். பிள்ளை வெளியே வளைந்து போகும் அந்த ஒரு கணத்தில் பின்னால் பஸ். நாம் காலைக் கூட்டத்தில் "ஓரமாகப் போங்கள், சோடியாகப் போகாதீர்கள்" என்று சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். தலைக்கவசமும் போடட்டும். ஆனால் அந்த ஓரம் எங்கே இருக்கிறது என்று பிள்ளை திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மதிலுக்குப் பெயின்ட் அடிப்பதைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசுகிறோம். வாசலுக்கு முன்னால் உள்ள சந்தியைப் பற்றிப் பேசிய கூட்டம் எத்தனை? வேகத்தடை வேண்டும், பாடசாலை நேரத்தில் வாசலடியில் வாகனம் நிறுத்தக் கூடாது, இந்த இரண்டையும் எழுத்தில் கேட்க ஒரு கடதாசி போதும். அதற்குச் செப்புத் தகடும் தேவையில்லை, மில்லியன் கணக்கில் காசும் தேவையில்லை.

ஒல்லாந்தின் கதை அங்கே முடிந்துவிடவும் இல்லை. 3,264ஆக இருந்த இறப்புகள் 2000ஆம் ஆண்டளவில் ஆயிரத்துச் சொச்சமாகவும், பிறகு ஆறு எழுநூறாகவும் குறைந்தன. ஆனால் 2017இல் முதல் தடவையாகக் காரில் இருந்து இறந்தவர்களைவிடச் சைக்கிளில் இறந்தவர்கள் கூட: 201க்கு 206. 2022இல் சைக்கிளில் இறந்தவர்கள் கிட்டத்தட்ட 290. பெரும்பாலும் முதியவர்கள். மின்சார சைக்கிள் வந்தபின் எழுபது, எண்பது வயதிலும் தூரமாகவும் வேகமாகவும் ஓடுகிறார்கள். விழுந்தால் எலும்பு தாங்குவதில்லை. ஆமஸ்டர்டாம் 2023 டிசெம்பரில் நகரின் பெரும்பாலான வீதிகளில் வேக எல்லையை 30 ஆக்கியது. அதோடு வேறொரு சிறிய வேலையும் ஊர் ஊராக நடக்கிறது. கார் நுழையாமல் இருக்கட்டும் என்று முன்பு சைக்கிள் பாதையின் நடுவில் நட்ட கம்பங்களில் இப்போது முதியவர்கள் மோதி விழுகிறார்கள். ஒவ்வொரு கம்பமாகப் பார்த்து, தேவையில்லாதவற்றை நகரசபைகள் பிடுங்கிக்கொண்டிருக்கின்றன.